ஒற்றைக் கிளைச் சிவப்பு

மேல்கொட்டாய், அஞ்செட்டி
12 நவம்பர் 2022

அன்புத் தம்பி ஆனந்தராஜுக்கு அக்கா மாதேஸ்வரி எழுதுவது.

நான், உன் மச்சான், அருணா மூவரும் சுகமாக இருக்கிறோம். உன் மச்சானின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்தது, மழை நின்றும் போகவில்லை. ஓசூரில் இப்போது குளிர் இறங்கியிருக்குமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா? ராத்திரி ஷிப்ட் முடித்துச் சாப்பிடாமல் படுக்கிறாயா என்பதையும் ஒளிக்காமல் எழுது. போனில் கேட்கலாம் என்றால் டவர் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினாலும் உன் பேச்சு பாதிதான் காதில் விழுகிறது.

ஒரு அதிசயம் நடந்தது. போன வியாழக்கிழமை கீழ்க்காட்டில் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போல ஜோதியம்மாளும் கூலிக்குப் பறிக்க வந்திருந்தாள். மூன்றாவது பாத்தியில் நின்றுகொண்டு, "அம்மா, இங்க வந்து பாருங்க. இது யாரு வீட்டுப் புள்ள?" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், ஒரே செடியில் ஐந்து கிளையும் மஞ்சள். ஆறாவது கிளையில் ஏழு பூவும் வேறு. இதழின் அடிப்பாதி மஞ்சள், நுனிப்பாதி காய்ந்த மிளகாய் நிறம். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் தங்கம் மாதிரி. அந்தக் கிளையின் தண்டிலும் ஊதாவாக ஒரு கோடு ஓடுகிறது.

உன் மச்சான், "வெட்டிப் போடு, மூட்டையில கலந்தா ஏவாரி திருப்பி அனுப்புவான்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. பதினோரு வருஷமாகப் பூக் கம்பெனியில் இருக்கிறாய். இது என்ன என்று எழுது. நோயோ என்னவோ என்று பயமாகவும் இருக்கிறது.

உன் அக்கா,
மாதேஸ்வரி

ஓசூர்
21 நவம்பர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மச்சானுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அருணா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இப்போதே உட்கார வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பயப்படாதே. இது நோய் இல்லை, வெளிச்செடியின் கலப்பும் இல்லை. உனக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். சாமந்திக்கு மஞ்சளைக் கொடுப்பது கேரட்டில் இருக்கிறதே, அந்த வகைச் சாயம். சிவப்பு வேறு சாயம். கத்தரிக்காய்த் தோலிலும் மாந்தளிரிலும் இருப்பது. உன் செடிக்கு இரண்டையும் செய்யத் தெரியும். ஆனால் சிவப்பைச் செய்யச் சொல்கிற மரபணு அதற்குள் வாயை மூடிக்கொண்டு கிடக்கிறது. அந்தக் கிளை துளிர்க்கும்போது ஒரே ஒரு செல்லில் அது வாய் திறந்துவிட்டது. அந்தச் செல் பெருகித்தான் கிளையின் தோல் ஆனது. உள்சதை இன்னமும் பழைய மஞ்சள்தான். மேல்தோல் மட்டும் மாறியிருக்கிறது. இப்படி ஒன்று தானாக நடப்பதற்காகக் கம்பெனியில் லட்சக்கணக்கான செடிகளை வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். உன் மூன்றாவது பாத்தியில் நடந்திருக்கிறது.

விதை எடுத்தால் இந்த நிறம் வராது. அடியில் வெடிக்கும் பக்கக் கன்றிலும் வராது. அந்தக் கிளையின் கொழுந்தை நான்கு விரல் நீளம் கிள்ளி மணலில் நட்டு நிழலில் வை. வேர் விட்டதும் மறுபடி கொழுந்து கிள்ளி நடு. ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். எனக்கும் மூன்று குச்சி ஈரச் சாக்கில் சுற்றி ஓசூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ஆனந்தராஜ்

மேல்கொட்டாய்
8 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். அருணா பிளஸ் ஒன்னில் சேர்ந்துவிட்டாள், உயிரியல் பாடம் எடுத்திருக்கிறாள். நீ பொங்கலுக்கும் வரவில்லை, மாரியம்மன் பண்டிகைக்கும் வரவில்லை. நான் அனுப்பிய மூன்று குச்சியும் பிழைத்தது என்று தை மாசத்தில் இரண்டு வரி எழுதினாய். அதன்பிறகு ஒன்றும் தெரியவில்லை. வேலை அதிகமோ?

நீ சொன்னபடியே செய்தேன். கிள்ளிக் கிள்ளி நட்டதில் இப்போது நூற்றிருபது செடி நிற்கிறது. கீழ்க்காட்டில் இரண்டு பாத்தி. ஜோதியம்மாளுக்கு முப்பது கன்று கொடுத்தேன். அவளுக்கு வீட்டின் பின்னால் நான்கு பாய் விரிக்கிற அளவு இடம் இருக்கிறது. அதைக் கொத்தி, கல் பொறுக்கி, சாணம் கலந்து நட்டிருக்கிறாள். "இத்தனை வருசம் அடுத்தவங்க காட்டுலதான் பூப் பறிச்சேன், இந்த ஆயுத பூஜைக்கு என் பூவை நானே பறிப்பேன்" என்கிறாள். அவள் மகள் ராசாத்தி போச்சம்பள்ளியில் கம்பெனி வேலைக்குப் போகிறாள் அல்லவா, அவளுக்குப் போன் போட்டு இதையே சொல்லியிருக்கிறாள். முனிவேல் அண்ணன் முதல் இன்னும் மூன்று பேர் அடுத்த வருஷத்துக்குக் கன்று கேட்டிருக்கிறார்கள்.

மொட்டு கட்ட இன்னும் ஒரு மாசம் ஆகும். உன் மூன்று செடி பூத்ததா? அங்கேயும் இதே நிறம்தானா?

உன் அக்கா

ஓசூர்
14 செப்டம்பர் 2023

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

ஒரு கெட்ட செய்தி. அந்தச் செடியைப் பற்றி நான் முதலில் எழுதியது தவறு. இங்கே லேபில் சோதித்துப் பார்த்ததில் அது வைரஸ் நோய் என்று தெரிகிறது. நோய் கண்ட பூவில் நிறம் இப்படி உடைந்து தெரிவதுண்டு. அசுவினிப் பூச்சி மூலம் பக்கத்துச் செடிகளுக்கும் பரவும். ஆகவே பூ விரிவதற்குள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எரித்துவிடு. கன்று கொடுத்த இடத்திலும் ஒன்று விடாமல் எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு செடி மிஞ்சினாலும் ஊர்ச் சாமந்தி முழுக்கப் போய்விடும்.

என் மூன்று செடியையும் அழித்தாயிற்று.

மச்சானையும் அருணாவையும் கேட்டதாகச் சொல்.

ஆனந்தராஜ்

மேல்கொட்டாய்
30 செப்டம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்த மறுநாளே நீ சொன்னபடி செய்து முடித்தோம். கீழ்க்காட்டில் அந்த இரண்டு பாத்தியோடு, ஒட்டியிருந்த மஞ்சள் நான்கு பாத்தியையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். பரவும் என்று எழுதியிருந்தாய், நம்மால் ஊருக்குக் கெடுதல் வரக் கூடாது. ஈரச் செடி சரியாக எரியவில்லை. காய்ந்த சோளத்தட்டைப் போட்டு எரித்தோம். புகை சாயங்காலம் வரை இருந்தது.  மொட்டெல்லாம் நுனி சிவந்துதான் இருந்தது.

ஜோதியம்மாள் வீட்டிலும் முப்பதையும் எடுத்தாயிற்று.

நீ சொல்லாவிட்டால் ஊரே கெட்டிருக்கும். நல்ல வேளை, நீ இருந்தாய். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

ஓசூர்
4 அக்டோபர் 2023
(தபாலில் சேர்க்காத கடிதம்)

அக்கா,

'நல்ல வேளை, நீ இருந்தாய்' என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டேன். சாப்பிட முடியவில்லை.

அது நோய் இல்லை. எந்த லேபிலும் எதையும் சோதிக்கவில்லை. மூன்று செடியும் கண்ணாடிக் கூடத்தில் நன்றாக இருக்கின்றன. நம் ஊர் வெயில் இல்லாமலேயே பூத்தன. எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் பரமசிவம் சார் அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் அங்கேயே நின்றார். "இது எங்கிருந்து வந்துச்சு?" என்றார். "எங்க ஊர்ப் பக்கம் நான் கண்டுபிடிச்சது சார்" என்றேன். எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தூரிகையால் மகரந்தம் எடுத்து ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு வைக்கிறவன் நான். பிறந்த ரகங்களுக்கெல்லாம் வேறு யார் யாரோ பெயர் எழுதியிருக்கிறது. ஒரு தடவை, ஒன்றிலாவது, என் பெயர் இருக்கட்டும் என்று தோன்றியது.

பிறகு ஒருநாள் அவர் கேட்டார்: "வேற யார்கிட்டயாவது இருக்கா? ஊரெல்லாம் இருந்தா இதைப் புதுசுன்னு நாம எப்படிச் சொல்றது?" நான், "எங்கிட்ட மட்டும்தான் சார்" என்றேன். அடுத்த வாரம் எனக்கு நிரந்தர வேலை உத்தரவு வந்தது.

சொன்ன பொய்யை நிஜமாக்கத்தான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். இரண்டு பாத்திதானே என்று நினைத்தேன். நீ நான்கு பாத்தியைச் சேர்த்து எரிப்பாய் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். உன்னை எனக்குத் தெரியாதா.

மேல்கொட்டாய்
22 ஜனவரி 2024

அன்புத் தம்பிக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்தது. உனக்கு நிரந்தரம் ஆகிவிட்டது என்று அஞ்செட்டி கடைவீதியில் யாரோ சொல்லி உன் மச்சானுக்குத் தெரிந்தது. எங்களுக்கு நீயே எழுதியிருக்கலாம். சந்தோஷம். கோயிலில் விளக்குப் போட்டேன்.

போன ஆயுத பூஜைக்கு நம் ஊர்ப் பூவை வியாபாரி எடுக்கவில்லை. நோய் என்ற பேச்சு எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. எல்லோர் காட்டிலும் பூ செடியிலேயே காய்ந்தது. கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்த்து யாரும் பேசவில்லை. இப்போது பேச்சு அடங்கிவிட்டது. என்னிடம் யாருக்கும் கோபம் இல்லை.

ஜோதியம்மாள் போச்சம்பள்ளிக்கு மகளிடமே போய்விட்டாள். இந்தத் தடவை களை எடுக்க வேறு ஆள் தேட வேண்டும்.

நான்கு மாசமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதே.

உன் அக்கா

மேல்கொட்டாய்
11 மார்ச் 2024

அன்புள்ள மாமாவுக்கு அருணா எழுதுவது.

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். இதை அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அஞ்செட்டியில் பள்ளி விட்டதும் உங்களுக்குப் போன் செய்யலாம்தான். ஆனால் போனில் கேட்டால் நீங்கள் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். எழுதிக் கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்களுக்கு ஜெயமணி டீச்சர் தாவர நோய்கள் பற்றிச் சொன்னார். வைரஸ் வந்தால் இலை சுருங்கும், மஞ்சள் திட்டு விழும், செடி குட்டையாகும் என்றார். நம் செடியில் இலை மற்ற செடிகளைவிடப் பச்சையாக இருந்தது. வைரஸ் செடி முழுக்க ஓடும் என்றார். அப்படியானால் முதல் வருஷம் ஐந்து கிளை மஞ்சளாகவும் ஒரு கிளை மட்டும் சிவப்பாகவும் எப்படி இருந்தது? அந்தச் செடியின் அடியில் வந்த பக்கக் கன்றுகளை நான் தனியாக நட்டு வைத்திருந்தேன். அவை சுத்த மஞ்சளாகப் பூத்தன. நீங்கள் 2022 நவம்பரில் எழுதிய கடிதத்தில் அப்படித்தான் பூக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் என் பயாலஜி புத்தகத்துக்குள் இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் சரியாக நடந்திருக்கிறது. செப்டம்பரில் எழுதியதில் இருப்பது ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் காடு எதிலும் எந்த நோயும் வரவில்லை.

எனக்குப் புரியாமல் இருக்கலாம். விளக்கி எழுதுங்கள்.

இன்னொன்று. ஜோதியம்மா ஏன் ஊரைவிட்டுப் போனார் என்று கேட்டால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

அருணா

ஓசூர்
2 செப்டம்பர் 2024

அக்காவுக்கு ஆனந்தராஜ் எழுதுவது.

எல்லோரும் சுகமா என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அருணா மார்ச்சில் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதற்கு, 'படிப்பைப் பார், இதெல்லாம் மேல்படிப்பில் புரியும்' என்று இரண்டு வரி பதில் போட்டேன். அவள் கேட்டது அத்தனையும் சரி. அவளிடம் முதலில் அதைச் சொல்.

அக்கா, அந்தச் செடிக்கு நோய் எதுவும் இல்லை. நான் உனக்குப் பொய் எழுதினேன். என் மூன்று செடியை நான் அழிக்கவில்லை. அதை நானே கண்டெடுத்ததாகக் கம்பெனியில் சொல்லி, வேறு எங்கும் அது இல்லை என்றும் சொல்லி, அதை உண்மையாக்க உன் கையாலேயே எரிக்க வைத்தேன். எனக்கு நிரந்தரம் கிடைத்தது அதனால்தான். போன வருஷம் இதை ஒரு தாளில் எழுதி, ஒட்டி, பெட்டிக்குள் போட்டுவிட்டேன். தைரியம் இல்லை. இப்போதும் தைரியத்தால் எழுதவில்லை. வேறு வழியில்லாததால் எழுதுகிறேன். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நடந்தது இது. சீக்கிரம் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று, இரண்டு செடியைத் துண்டு துண்டாக நறுக்கித் திசு வளர்ப்புக்குக் கொடுத்தார்கள். கொழுந்திலிருந்துதான் எடுக்க வேண்டும், தோலில் மட்டும்தான் சிவப்பு இருக்கிறது என்று நான் ஒருமுறை சொன்னேன். ஒருமுறைதான். பரமசிவம் சார் முகம் மாறியதும் நிறுத்திவிட்டேன். மூன்றாவது செடி ஜூன் மழையில் வேர் அழுகிப் போனது. போன வாரம் திசுவில் வளர்த்த நாலாயிரம் செடியும் பூத்தன. கூடத்துக்குள் நுழைந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மஞ்சள். தண்டின் உள்சதையிலிருந்து முளைத்தவை, அதனால் உள்ளே இருந்த நிறத்தையே காட்டுகின்றன. ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

பரமசிவம் சார் என்னைக் கூப்பிட்டு, "பரவால்ல ஆனந்தராஜ். ஜீப்பு எடுத்துக்க. உங்க ஊர்ப் பக்கம் போயி, எடுத்த இடத்துல இன்னொரு குச்சி எடுத்துட்டு வா" என்றார். நான் நின்றேன். "என்னய்யா?" என்றார். "இல்ல சார். எரிச்சாச்சு" என்றேன். "யாரு எரிச்சது?" என்றார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. உத்தரவை ரத்து செய்து மறுபடி ஒப்பந்த வேலையில் போட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயரை அடித்து உன் பெயரை எழுதச் சொன்னேன். எழுதினார்கள். இல்லாத பூவுக்கு.

உன் காட்டையும் கன்று வாங்கியவர்களின் இடத்தையும் பாழாக்கினேன். மன்னிக்கச் சொல்லவில்லை. கேட்டால் நீ மன்னித்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

ஆனந்தராஜ்

மேல்கொட்டாய்
27 அக்டோபர் 2024

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறோம். உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. முதல் வாரம் உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் போதாது. உன் மச்சான் கடிதத்தைப் படித்துவிட்டு, "பூவுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். அதன்பிறகு உன் பெயரை எடுக்கவில்லை. அருணா அழவில்லை. உன்னுடைய இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், மடித்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

பதில் எழுத ஏழு வாரம் ஆனதற்குக் காரணம் உன் பொய் இல்லை. நீ எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். நான் எழுதவில்லை.

'ஜோதியம்மாள் வீட்டிலும் முப்பதையும் எடுத்தாயிற்று' என்று உனக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். எப்படி எடுத்தேன் என்று எழுதவில்லை. மண்வெட்டியோடு அவள் வாசலில் போய் நின்றேன். அவள் கையைக் கூப்பிக்கொண்டு, "அம்மா, ஒண்ணே ஒண்ணு விடுங்கம்மா. தொவைக்கிற கல்லுகிட்ட இருக்குது, யாரு காட்டுக்கும் பக்கமில்ல. பூத்து ஒரு தடவ பாத்துட்டு நானே புடுங்கிடறேன்" என்றாள். எனக்கே சந்தேகம் இருந்தது, தம்பி. இருபது வருஷம் செடியைப் பார்க்கிறவள் நான். நோய்ச் செடி அப்படி நிற்காது. ஆனால் நீ எழுதியிருந்தாய், நீ படித்தவன், என் தம்பி. நீ தப்பு என்று நினைப்பதைவிட அவள் செடியைப் பிடுங்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. அவளைத் தள்ளிவிட்டுப் பிடுங்கினேன். என் வீட்டுப் பாத்தியாக இருந்தால் ஒன்றாவது விட்டு வைத்திருப்பேனோ என்னவோ.

வியாபாரி வராமல் பூ காய்ந்தபோது ஊர் முதலில் என்னைத்தான் கேட்டது. பிறகு முனிவேல் அண்ணன் பால் சொசைட்டியில் வைத்து, "ஜோதி பத்துக் காட்டுல பூப் பறிக்கிறவ. அவ கைபட்ட பாத்திக்கெல்லாம் நோய் வந்திருக்கும்" என்றார். நான் பக்கத்தில் பால் கேனோடு நின்றேன். செடி என் காட்டில் பிறந்தது, கொடுத்தவள் நான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்மேல் இருந்த பார்வை அவள்மேல் போனதும் எனக்கு மூச்சு வந்தது. அதற்குப்பின் யாரும் அவளைப் பூப் பறிக்கக் கூப்பிடவில்லை. கடைக்காரன்கூட அவள் தொட்ட கூடையை எடுக்க யோசித்தான். இரண்டு மாசம் பார்த்துவிட்டு மூட்டை கட்டினாள். போகும்போது என் வீட்டு வழியாகத்தான் போனாள். நான் வெளியே வரவில்லை.

போன வாரம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போச்சம்பள்ளி போனேன். அவளிடம் படித்துக் காட்டினேன். நான் செய்ததையும் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். யோசித்துப் பதில் சொல்கிறேன் என்றாள். பதிலை உனக்கே எழுதுவாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று கை தானாக எழுதுகிறது.

மாதேஸ்வரி

போச்சம்பள்ளி
18 நவம்பர் 2024

ஆனந்தராஜ் அவர்களுக்கு, என் அம்மா ஜோதியம்மாள் சொல்லச் சொல்ல ராசாத்தி எழுதுவது. அம்மா சொன்னபடியே எழுதுகிறேன்.

சின்னவரே, சாமி புண்ணியத்துல நல்லா இருக்கறேன். நீங்களும் நல்லா இருங்க. நீங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப இருந்து சின்னவரேன்னுதான் கூப்புட்டுப் பழக்கம், அதனால அப்படியே சொல்றேன்.

உங்க அக்கா உங்க கடுதாசியைப் படிச்சாங்க. ரெண்டாவது தடவை மெதுவாப் படிக்கச் சொன்னேன். அதுல உங்க பேரு இருக்குது, உங்க அக்கா பேரு இருக்குது, ஆபீசரு பேரு இருக்குது, எம் புள்ளையவிடச் சின்னவ அருணா பேரு இருக்குது. எம் பேரு இல்ல. 'கன்று வாங்கியவர்கள்'னு ஒரு எடத்துல வருது, அது நான்தான்னு ராசாத்தி சொன்னா. அந்தக் கெளைய மொதல்ல பாத்தவ நான். புஸ்தகத்துல இப்ப உங்க அக்கா பேரு எழுதியிருக்குதாம். அதை மாத்தச் சொல்லல. பூவே இல்ல, பேரை வெச்சு என்னா பண்றது. தெரியணும்னு சொன்னேன்.

எனக்குச் செடி போனது ஒரு வருத்தம். கையில நோயின்னு சொன்னாங்களே, அது வேற. இங்க கம்பெனிக் கேண்டீன்ல காய் நறுக்கற வேலைக்குச் சேந்தப்ப, மொத வாரம் பூராவும் கையைக் கழுவிக்கிட்டே இருந்தேன். எதுக்கும்மா இத்தனை தடவைன்னு மேஸ்திரி கேட்டாரு. 

உங்க அக்கா அழுதாங்க. என் வூட்டுல வந்து அழுதா ஊருக்குக் கேக்காது. எங்க சொன்னாங்களோ அங்க சொல்லணும். பால் ஊத்தற எடத்துல, காலையில, எல்லாரும் இருக்கறப்ப, நான் நிக்கறப்ப. நீங்களும் சொல்லணும், உங்க அக்காவும் சொல்லணும். கார்த்திகை கடைசி ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. முந்தின நாளே வந்துடறேன்.

வரப்ப செடி, பூ, பழம் ஒண்ணும் கொண்டுவர வேணாம். வந்து சொன்னாப் போதும்.

ஜோதியம்மாள் (கைநாட்டு இல்லை, அம்மா இப்போது கையெழுத்துப் போடுவார்)

மேல்கொட்டாய்
18 டிசம்பர் 2024

தம்பி ஆனந்தராஜுக்கு,

நீ ஓசூர் போய்ச் சேர்ந்ததாக அருணாவுக்குத் தகவல் வந்தது. இங்கே மழைச்சாரல், குளிர். உன் மச்சான் கால் பரவாயில்லை. நீ வந்த அன்று அவர் உனக்குத் தண்ணீர் கொடுத்தார், கவனித்தாயா? அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லி முடித்ததும் ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடினாய். விட்டால் அடுத்தது பன்னிரண்டுக்குத்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நீ இருந்திருக்கலாம். நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

அடுத்து நான் பேசினேன்.  பால் அளக்கிற பையன் மெஷினை நிறுத்தினான். துவைக்கிற கல் பக்கத்தில் இருந்த செடியை நான் பிடுங்கியதைச் சொன்னேன். இதே இடத்தில் கேனோடு நின்று வாயை மூடிக்கொண்டதைச் சொன்னேன். "நோய் அவ கையில இல்ல. பொய் எங்க வீட்டுல இருந்துச்சு" என்றேன். ஜோதியம்மாள் எனக்கு நேராக நின்றாள். தலையாட்டவும் இல்லை, கண்ணைத் திருப்பவும் இல்லை.

 பிறகு முனிவேல் அண்ணன், "சரி, போனது போச்சு. தெரியாம சொல்லிட்டோம். தை மாசம் எங்க காட்டுல பூ வருது ஜோதி, நீ பழையபடி வந்து பறி" என்றார். இன்னும் இரண்டு பேர், "ஆமா, வந்துடு" என்றார்கள். எனக்கு நெஞ்சு லேசானது. முடிந்தது, அவள் திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஜோதியம்மாள், "கூப்பிடுவீங்கன்னு தெரியும். வரலைன்னு சொல்லத்தான் பஸ்ஸு ஏறி வந்தேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசியில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் என்றாள். பன்னிரண்டு மணி பஸ் வரும்வரை நானும் நிழற்குடையில் அவளோடு நின்றேன்.  ஒரே ஒரு தடவை, ராசாத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றாள். நல்லபடியாக முடியட்டும் என்றேன். என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை. பஸ் வந்தது. ஏறி, உள்ளே போய், அந்தப் பக்க ஜன்னலில் உட்கார்ந்தாள்.

நீ பஸ்ஸுக்கு ஓடும்போது, "முடிஞ்சதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாய். முடியவில்லை, தம்பி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாம் அவளுக்குச் செய்தது உன்னோடும் என்னோடும் இருக்கும். நீ அங்கே வைத்துக்கொள், நான் இங்கே வைத்துக்கொள்கிறேன்.

குளிருக்குக் கம்பளி அனுப்பியிருக்கிறேன். பொங்கலுக்கு வா.

உன் அக்கா,
மாதேஸ்வரி